சுண்ணக்கோட்டுக்கு மேலே நான்கு விரல்

ஆய்வகத்தின் அச்சாணியே! அலைவுகளின் அளவறிந்த அன்னையே! சுருள்வில்லின் வலிவையும் தளர்வையும் சுண்டுவிரல் நுனியில் உணரும் வித்தகமே! இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று நிறுத்துக் கடிகாரம் சொல்லுமுன்னே சொல்லிவிடும் நுண்ணறிவே! முப்பத்தாறு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்த முழுமதியே! குறையாத ஆற்றலின் குன்றே! கிள்ளான் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும் வாய்நிறைய ‘லேப் அக்கா’ என்று அழைத்து மகிழும் திருமதி பவுனம்மாள் கன்னையா அவர்களே! வணக்கம், வணக்கம், பல்லாயிரம் வணக்கம்!

மேலே ‘குறையாத ஆற்றல்’ என்று எழுதியிருப்பதை நம் இயற்பியல் ஆசிரியர் திரு ஜெயகாந்தன் சிவப்பு மையால் சுழித்து, ‘காற்றுத் தடை உண்டு, கொஞ்சம் குறையும்’ என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தார். பணி ஓய்வுப் பாராட்டு மடலில் காற்றுத் தடைக்கெல்லாம் இடம் கிடையாது என்று தமிழ்ப் பிரிவு ஒரே குரலாகச் சொல்லிவிட்டது. ஆகவே குன்று குறையாமல் அப்படியே நிற்கிறது. ஜெயகாந்தன் சார் மன்னிப்பாராக.

அக்கா, தங்களை நேருக்கு நேர் நின்று புகழ்வது ஆகாத காரியம் என்பதை நாங்கள் அறிவோம். யாராவது ‘பவுனம்மா அக்கா போல வருமா’ என்று தொடங்கினாலே தாங்கள், ‘இருங்க, கேஸ் குழாயை மூடினேனான்னு பாத்துட்டு வந்துடறேன்’ என்று எழுந்து போய்விடுவீர்கள். கேஸ் குழாய் எப்போதும் மூடித்தான் இருக்கும். போன தாங்கள்தான் திரும்பி வரமாட்டீர்கள். இன்று அந்தத் தந்திரம் பலிக்காது. இந்த மடலில் இனி வருகிற பவுனம்மாள் தாங்கள் அல்லர், வேறு யாரோ ஒருவர் என்று வைத்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, முன்வரிசையிலேயே அமர்ந்து கேட்குமாறு வேண்டுகிறோம். ஆய்வகச் சாவியும் இப்போது எங்களிடம்தான் இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு சனவரி மாதத்தில், காப்பார் சாலையிலிருந்து பேருந்து பிடித்து, இருபத்துநான்கு வயதுப் பவுனம்மாள் இப்பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்துக்குள் உதவியாளராக நுழைந்தார். பட்டம் இல்லை, பட்டயம் இல்லை, ஐந்தாம் படிவத் தேர்ச்சி மட்டும் உண்டு. முதல் வாரத்திலேயே அலமாரியில் இருந்த சுருள்வில்கள் அத்தனையையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டு, இழுத்து, விட்டு, இருபது அலைவுகளை எண்ணி, எந்த வில் யோக்கியன், எந்த வில் திருடன் என்று பிரித்து வைத்தார். பிள்ளைகள் அளவுக்குமேல் இழுத்துக் கெடுத்த வில்கள் பார்வைக்கு நல்லவையாகவே இருக்கும், தேர்வு நாளில்தான் காலை வாரும். பவுனம்மாளின் அலமாரியிலிருந்து அப்படி ஒரு வில்லும் தேர்வு மேசைக்குப் போனதில்லை. முப்பத்தாறு ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை! எந்தப் பள்ளியும் இதைச் சொல்லிப் பெருமைப்படலாம், ஆனால் சொல்ல முடிகிற பள்ளி நம் பள்ளிதான்.

ஆனாலும் பவுனம்மாளின் பெயரை இவ்வட்டாரம் எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது சுருள்வில் அன்று, இரும்புக் குண்டு.

விளையாட்டுக் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த குண்டெறிதல் குண்டு அது. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோக, வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவருடைய கணவர் திரு கன்னையா, உச்சியில் ஒரு வளையத்தைப் பற்றவைத்துக் கொடுத்தார். மண்டபத்தின் இரும்பு உத்திரத்திலிருந்து கம்பிக் கயிற்றில் அதைத் தொங்கவிட்டால், நாலாம் படிவப் பிள்ளைகளுக்கு ஊசல் தயார். குண்டை ஒரு பக்கமாக இழுத்து, நிற்பவரின் மோவாயைத் தொடுமாறு பிடித்து, தள்ளாமல் விட வேண்டும். மேலே இருக்கும்போது அதனிடம் இருப்பது உயரம் தந்த ஆற்றல். கீழே இறங்க இறங்க அந்த ஆற்றல் வேகமாக மாறும். மறுபக்கம் ஏற ஏற வேகம் மறுபடியும் உயரமாக மாறும். இரண்டையும் கூட்டினால் தொகை எப்போதும் ஒன்றே. ஆகவே திரும்பி வரும் குண்டு, விட்ட உயரத்துக்கு மேல் ஒரு நூலிழைகூட ஏற முடியாது. காற்றும் கயிறும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் அரை விரல் குறைந்தே நிற்கும். நிற்பவர் நகராமல் நின்றால் மோவாய்க்கு முன்னே வந்து, முகத்தில் காற்றடித்து, மரியாதையாகத் திரும்பிப் போய்விடும்.

(சுருள்வில்லில் ஆடும் எடைக்கும் இதே கணக்குத்தான் என்றும், ஆனால் இவ்வளவு அகலமாக ஆடும் ஊசலைத் தனிச்சீரிசை இயக்கம் என்று எழுதக்கூடாது என்றும் சிவப்பு மையில் மற்றொரு குறிப்பு. எழுதவில்லை சார், எழுதவில்லை.)

சொல்ல எளிது, நிற்கத்தான் ஆள் வேண்டும். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இரயிலேறி இப்பள்ளிக்கு வந்து சேர்ந்த ஜெயகாந்தன் சார், முதல் வகுப்பிலேயே குண்டின் முன் நின்றார். கணீரென்று விளக்கினார். குண்டை விடச் சொன்னார். போன குண்டு திரும்பி வந்தது. வந்த வேகத்தைக் கண்டதும் பட்டதாரி பட்டென்று குனிந்துவிட்டார். ‘சார், இன்னிக்கு விதிக்கு லீவா?’ என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழ, மண்டபமே கூரை பிய்ந்துபோகச் சிரித்தது.

அப்போது ஓரத்தில் நின்றிருந்த பவுனம்மாள் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். நகரும் கரும்பலகை ஒன்றைக் குண்டின் பாதைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தார். குண்டைத் தம் மோவாயில் வைத்துப் பார்த்து, அந்த உயரத்தில் பலகையின் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். ‘கோட்டைப் பாருங்க பிள்ளைங்களா, என் மூஞ்சியப் பாக்காதீங்க’ என்றார். விட்டார். குண்டு போனது, வந்தது, கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றது, போனது. பவுனம்மாளின் இமைகூட அசையவில்லை.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. ஆண்டுதோறும் ஜெயகாந்தன் சார் சொல்வார், பவுனம்மாள் நிற்பார். ஒவ்வோர் ஆண்டும் முதலில் கோடு, பிறகுதான் குண்டு. ஒவ்வோர் ஆண்டும் சாரும் ஒருமுறை நின்று பார்ப்பார், ஒவ்வோர் ஆண்டும் குனிந்துவிடுவார். ‘மூளைக்குத் தெரியுது அக்கா, கழுத்துக்குத்தான் தெரிய மாட்டேங்குது’ என்பார். பவுனம்மாள் சிரித்துக்கொண்டே கோட்டை அழிப்பார். இப்படிப் பதினாறு ஆண்டுகள் ஓடின.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு சூலை மாதம் பள்ளியின் அறிவியல் விழா வந்தது. தலைமை விருந்தினர் வட்டாரத்தில் பெயர் பெற்ற ஒரு டத்தோ, சுல்தான் பட்டம் தந்து சிறப்பித்தவர். நல்ல மனிதர், தாராளமான கை, அன்போடு தோளில் தட்டினால் தோள் இரண்டு நாள் வலிக்கும். அவர் கோங் என்னும் வெண்கலத் தட்டை அடித்துத் தொடக்கி வைக்காத விழா கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லை என்று சொல்லலாம். அன்றைய முதல்வர் திரு சுகுமாறன் அவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லாரும்தான் கோங் அடிக்கிறார்கள், நாம் அறிவியல் விழாவுக்கு ஏற்றபடி இரும்புக் குண்டையே விடச் சொன்னால் என்ன? அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில், கோங் அடிக்கும் இடத்தில், ‘டத்தோ அவர்கள் குண்டை இயக்கி விழாவைத் தொடக்கி வைத்தல்’ என்று போட்டுவிட்டார்கள். வினை அந்த ‘இயக்கி’யில்தான் வந்து உட்கார்ந்தது.

பவுனம்மாள் வழக்கம்போலக் கோடு கிழித்து, குண்டை மோவாயில் பொருத்தி, டத்தோவின் கையில் கொடுத்தார். ‘சும்மா விட்டா போதும் டத்தோ’ என்று மெல்லச் சொல்லவும் செய்தார். மாலையும் பொன்னாடையுமாக நின்ற டத்தோவைச் சுற்றிப் படம் எடுப்பவர்கள் கூடிவிட்டார்கள். நாதசுரம் உச்சத்துக்குப் போயிற்று. நூறு கோங் அடித்துப் பழகிய கை சும்மா விடுமா? கணீரென்று கேட்க வேண்டும் என்ற நினைப்பில், வலது உள்ளங்கையால் குண்டை ஒரு தள்ளு தள்ளியது.

அந்தத் தள்ளலை மண்டபத்தில் உணர்ந்தவர் ஒருவர்தான். மோவாயை விட்டுக் குண்டு பிரிந்த கணத்திலேயே பவுனம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. போன குண்டு மறுகோடி வரை போய்த் திரும்பியது. படம் எடுத்தவர்கள் அலறிச் சிதறினார்கள். பதினாறு ஆண்டுகளாக ஓர் அங்குலம் நகராத பவுனம்மாள், பதறாமல், இரண்டடி பின்னால் வைத்தார். குண்டு அவர் நின்ற இடத்துக்கு வந்து, காலியான காற்றை முட்டிவிட்டுப் போனது.

மண்டபம் சிரித்தது. டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்தார். ‘பாத்தீங்களா, நம்ப லேப் அக்காவே பயந்துட்டாங்க லா! அவங்களே நம்பலன்னா பிள்ளைங்க எப்படி நம்புவாங்க?’ என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் எதிரே ஆறு பள்ளிகளிலிருந்து வந்த நானூறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

பவுனம்மாளுக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. ‘பயம் இல்ல டத்தோ, நீங்க தள்ளிட்டீங்க’ என்றார்.

‘நானா? நான் சும்மா விட்டேன்!’ என்றார் டத்தோ. முகம் சிவந்துவிட்டது. விழா எப்படியோ நடந்து முடிந்தது, உணவு பரிமாறப்பட்டது, டத்தோ சாப்பிடாமல் போனார்.

மறுநாள் காலையில் பவுனம்மாளின் கைக்குக் கடிதம் வந்தது. சிறப்பு விருந்தினரை மேடையில் அவமதித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். விளக்கம் சரியில்லையென்றால் ரவாங் பக்கம் மாற்றல். குண்டும் இனி மண்டபத்தில் தொங்காது, ஆபத்தான பொருள் என்று கிடங்குக்குப் போகும்.

சுகுமாறன் சார் கெட்டவர் அல்லர். இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார், அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். அவர் பவுனம்மாளை அறைக்கு அழைத்து உட்காரவைத்தார். ‘பவுனம்மா, காலையிலேருந்து போன் மேல போன். எனக்குத் தலை வெடிக்குது. பயந்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, ஃபைலை மூடிடறேன்’ என்றார்.

‘நகர்ந்தேன்னு எழுதறேன் சார். பயந்தேன்னு எழுத மாட்டேன்.’

‘ரெண்டும் ஒண்ணுதானேம்மா?’

‘எப்படி சார் ஒண்ணாகும்? சும்மா விட்ட குண்டு கோட்டைத் தாண்டாது, அதனால இத்தனை வருஷம் நின்னேன். தள்ளின குண்டு தாண்டும், அதனால நகர்ந்தேன். நின்னதும் அந்த விதியை நம்பித்தான், நகர்ந்ததும் அதை நம்பித்தான். வீம்புக்கு நின்னிருந்தா இந்நேரம் பல்லு செட்டுக்கு அளவு குடுத்துக்கிட்டு இருப்பேன்.’

சுகுமாறன் சார் வணிகவியல் படித்தவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது, யோசியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அன்று மாலை ஆய்வகத்தில் ஜெயகாந்தன் சாரும் அதையே சொன்னார் என்பதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. எழுதச் சொன்னவரும் அவரேதான். ‘அக்கா, ஒரு வரிதானே, எழுதிக் குடுத்துடுங்க. ரவாங்குக்கு டெய்லி எப்படிப் போய் வருவீங்க? எல்லாரும் ஒரு வாரத்துல மறந்துடுவாங்க லா’ என்றார்.

பவுனம்மாள் சுருள்வில்களை எண்ணிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, பெட்டியை மூடிய பிறகுதான் பேசினார். ‘பிள்ளைங்க மறக்க மாட்டாங்க சார். லேப் அக்கா பயந்தாங்க, அதனால அது சும்மா புத்தகத்துக் கதைன்னு நெனச்சுக்குவாங்க. பதினாறு வருஷமா நீங்க சொன்னதுக்கெல்லாம் நான் சாட்சியா நின்னேன். எனக்கு ஒரு தடவ நீங்க நிக்க மாட்டீங்களா?’

ஜெயகாந்தன் சார் பையை எடுத்துக்கொண்டு கிள்ளான் நிலையத்துக்கு நடந்தார். இரயிலில் ஏறி உட்கார்ந்தார். கணித ஆசிரியை சுரேகா முந்தைய நாள் விழாவைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்தது நினைவுக்கு வர, அனுப்பச் சொல்லிக் கேட்டார். ஷா ஆலாம் வருமுன் படம் வந்து சேர்ந்தது. டத்தோவின் கை அதில் தெரியவே இல்லை. பொன்னாடையும் படம் எடுப்பவர்களின் முதுகுகளுமே தெரிந்தன. முதல்முறை பார்த்தார், இரண்டாம் முறை பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் முறை, கூட்டம் சிதறி ஓடுகிற அந்த இடத்தில் நிறுத்தினார். குண்டு திரும்பி வந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அதன் பக்கத்தில் கரும்பலகை. கரும்பலகையில் பவுனம்மாளின் சுண்ணக்கோடு. கோட்டுக்கு மேலே, நன்றாக மேலே, குண்டு!

கையைக் காண வேண்டிய தேவையே இல்லை. விட்ட உயரத்துக்கு மேல் குண்டு ஏறியிருந்தால் அந்த அதிகப்படி ஆற்றலை யாரோ கொடுத்திருக்க வேண்டும். காற்று எடுத்துக்கொள்ளும், கொடுக்காது. கயிறும் கொடுக்காது. விட்ட நேரத்தில் குண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு கை. பதினாறு ஆண்டுகளாகப் பலகையில் தாம் எழுதிக் காட்டிய சமன்பாடு தம் கைப்பேசியிலேயே சாட்சி சொல்வதைப் பார்த்து, சார் எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் தமக்கு இடம் விடுவதாக நினைத்துக் கால் நீட்டிக்கொண்டார். சுபாங் ஜெயா நிலையத்தில் இறங்கி, மேம்பாலம் ஏறி, எதிர்ப்பக்க இரயிலைப் பிடித்து மறுபடியும் கிள்ளானுக்கே வந்தார்.

பவுனம்மாள் ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். ‘அக்கா! கோடு! கோட்டுக்கு மேல நாலு விரல்!’ என்று மூச்சிரைக்கக் கத்தினார் சார்.

‘ஆமா சார், நாலு விரல். நேத்தே பாத்துட்டேன்.’

‘பாத்துட்டு ஏன் சொல்லல?’

‘பயந்தியான்னு எல்லாரும் கேட்டாங்க. குண்டு எங்க வந்துச்சுன்னு யாருமே கேக்கலையே சார்.’

அக்கா, தாங்கள் கேஸ் குழாயைப் பார்க்க எழுந்திருக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் பவுனம்மாள் கொடுத்த விளக்கக் கடிதத்தில் மூன்று வரிகளே இருந்தன. ‘விட்ட உயரம் கோட்டில். திரும்பிய உயரம் கோட்டுக்கு மேல் நான்கு விரல். ஆகவே நகர்ந்தேன்.’ அதன் கீழே ஜெயகாந்தன் சாரின் கணக்கு, அதன் கீழே அவருடைய கையொப்பம். நான்கு விரல் உயரம் கூடுதலாக ஏற வேண்டுமானால், ஒருவர் நிதானமாக நடந்து போகிற வேகத்திலாவது குண்டைத் தள்ளியிருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. இந்தக் கடிதம் தவறென்றால் தமக்கும் சேர்த்தே மாற்றல் தர வேண்டும் என்று சார் கடைசியில் எழுதியிருந்தார்.

சுகுமாறன் சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். ‘எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது. கண்ணுல காட்டுங்க’ என்றார்.

மண்டபத்துக்குப் போனார்கள். பவுனம்மாள் கோடு கிழித்தார். முதல்வர் கையாலேயே குண்டைச் சும்மா விடச் சொன்னார்கள். அது கோட்டுக்குக் கீழேயே வந்து நின்றது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, கோட்டைத் தொடக்கூட இல்லை. பிறகு பவுனம்மாள் ஒதுங்கிக்கொண்டு, ‘இப்ப நாலு விரல் மேல வர்ற மாதிரி தள்ளுங்க சார்’ என்றார். முதல்வர் மெல்லத் தள்ளினார், வரவில்லை. கொஞ்சம் கூட்டித் தள்ளினார், ஒரு விரல் வந்தது. சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, காலை ஊன்றி, ஒரு தள்ளு தள்ளினார். குண்டு சரியாக நான்கு விரல் மேலே வந்து நின்றுவிட்டுப் போனது. தம் உள்ளங்கையை அவரே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘அடேயப்பா, இவ்ளோ தள்ளணுமா! சும்மா கை பட்டதுக்கு இது வராதே!’ என்றார்.

அங்கேயே நின்று டத்தோவை அழைத்தார். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டார். நடந்ததை எல்லாம் கேட்டார் டத்தோ. பிறகு, ‘ஐயோ சார், கோங்னு நெனச்சு கைய போட்டுட்டேன் போல லா! அந்த அக்கா பக்கத்துல இருக்காங்களா? அக்கா, சாரி அக்கா. உங்க மூஞ்சி தப்பிச்சுதே, அது போதும்’ என்றார். ‘பரவால்ல டத்தோ. நல்லாத்தான் தள்ளுனீங்க’ என்றார் பவுனம்மாள். அந்தக் கடிதம் கிழித்துப் போடப்பட்டது. குண்டு அதே உத்திரத்தில் தொங்கியது.

அடுத்த ஆண்டு அறிவியல் விழாவுக்கு டத்தோ அழைக்காமலே வந்தார். ஒலிவாங்கியைப் பிடித்து, நானூறு பிள்ளைகளின் முன், போன வருஷம் பயந்தது லேப் அக்கா இல்லை, தள்ளினது நான் என்று தம் வாயாலேயே சொன்னார். சொன்னதோடு விடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தாமே கோட்டருகே போய் நின்றார். பவுனம்மாள் அவர் மோவாயில் குண்டை வைத்து, சும்மா விட்டார். குண்டு திரும்பி வந்ததும் டத்தோ மாலை அறுந்து விழும்படி பின்னால் தாவிவிட்டார்! அவரிடம் யாரும் விளக்கக் கடிதம் கேட்கவில்லை.

இதுவே நாங்கள் சொல்ல வந்த கதை. அந்தப் பவுனம்மாளைக் குறித்து நாங்கள் பெருமைப்படுகிறோம். நிற்க வேண்டிய இடத்தில் நின்றதற்காகப் பலரைப் புகழலாம். நகர வேண்டிய நேரத்தில் நகர்ந்துவிட்டு, நகர்ந்ததற்கு உண்மையான காரணத்தை மாற்றிச் சொல்ல மாட்டேன் என்று ரவாங் மாற்றலுக்கும் அசையாமல் இருந்ததற்காகப் புகழ எங்களுக்கு ஒருவர்தான் கிடைத்தார். பட்டம் பெற்றவர் பலர் இருந்த பள்ளியில் இயற்பியலின் மானத்தைக் காத்தவர் அவர். பெருமையில் எங்கள் நெஞ்சு வீங்கிக் கிடக்கிறது, அதற்குக் காற்றுத் தடை ஒன்றும் இல்லை!

இனி மறுபடியும் தங்களிடமே பேசுகிறோம், அக்கா. தங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டோம், பொறுத்தருள வேண்டும். நேற்றுப் பிற்பகல் தாங்கள் கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்த வேளையில், கிடங்கைத் திறந்து குண்டை எடுத்து இதே மண்டபத்தில் தொங்கவிட்டோம். இந்த மடலில் யார் கையொப்பமிடுவது என்ற பேச்சு எழுந்தபோது, குண்டின் முன் நகராமல் நிற்பவர் மட்டுமே இடலாம் என்று முடிவாயிற்று. சுரேகா டீச்சர் கோடு கிழித்தார், குண்டையும் அவரே விட்டார். முதல் சுற்றில் நகராதவர் ஏழு பேர். மற்றவர்கள் குனிந்தும், குதித்தும், கத்தியும், மறுபடி மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். மலாய், சீன நண்பர்களும், மடல் தமிழில் இருந்தால் என்ன, குண்டுக்கு மொழி ஏது என்று வந்து நின்றார்கள். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்திருந்த சுகுமாறன் சார் ஐந்தாவது முறையில் தேறினார். மணி ஐந்தாகும்போது நாற்பத்தொரு பேர் தேறியிருந்தோம். நாற்பத்தொரு கையொப்பங்களும் கீழே இருக்கின்றன.

நாற்பத்திரண்டாவது இடம் காலியாக இருக்கிறது. அது ஜெயகாந்தன் சாருக்கு உரியது. நேற்று அவர் வரிசைக்கே வரவில்லை. ஏன் சார் என்று கேட்டதற்கு, ‘இருபத்தஞ்சு வருஷமா குனிஞ்சுட்டேன். நிக்கறதுன்னா அக்கா கையால விட்டாத்தான் நிப்பேன்’ என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் கன்னையாவோடு நோய் அறியா உடலும் நொடி அறியா மனமுமாக நூறாண்டு வாழுங்கள்! கைகால் வலி காத தூரம் போகட்டும்! காப்பார் சாலை வீட்டில் காலைத் தேநீர் ஆறுமுன் குடிக்கும் பாக்கியம் இனியாவது கிட்டட்டும்! பேரப்பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடும்போது, பின்னால் நிற்கும் பெரியவர்கள் தள்ளுகிறார்களா, சும்மா விடுகிறார்களா என்று பார்த்துச் சொல்லும் கூர்மை என்றும் தங்கள் கண்ணில் குடியிருக்கட்டும்!

இந்த மடல் கண்ணாடிச் சட்டகத்துக்குள் போகுமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திரையை விலக்குகிறோம். அதோ, உத்திரத்தில் தங்கள் குண்டு. கயிற்றையும் வளையத்தையும் தாங்கள் ஒருமுறை சோதிக்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும், தாராளமாகச் சோதியுங்கள். கரும்பலகையும் இருக்கிறது, சுண்ணக்கட்டியும் இருக்கிறது. ஜெயகாந்தன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றுவிட்டார். கழுத்து கொஞ்சம் நடுங்குகிறது, ஆனால் கண்கள் தங்களைத்தான் பார்க்கின்றன.

எழுந்து வாருங்கள், அக்கா. கோடு கிழியுங்கள். தள்ள வேண்டாம், விட்டால் போதும்.

இங்ஙனம்,
நகராமல் நின்ற நாற்பத்தொருவரும்,
நிற்கப்போகும் ஒருவரும்.
கிள்ளான்.